தேடப் போன நகரம், பார்க்கப் போன நகரம்



எமது மாதாந்தக் கூட்டங்களில் வழமையாகச் சீட்டுக் கணக்கு, கடன், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் பேச்சுப் போகும். ஒரு நாள் கணக்கு முடிந்து தேநீர் வரும்வரை சும்மா இருந்த நேரத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். "கொழும்பைப் பார்த்தவங்க எத்தனை பேர்?"

பதினொரு பெண்கள் இருந்தார்கள். பேத்தாழை, கல்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடி, மாங்கேணி என்று பல ஊரவர்கள். ஒன்பது கைகள் உயர்ந்தன. பிறகு மாங்கேணி அக்கா தன் கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"போயிருக்கன் மிஸ். ஆறு தரம் போயிருக்கன். ஆனா பார்க்கல்ல."

அதைக் கேட்டு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். ஒருவர் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சிக்குப் போனவர். ஒருவர் கடவுச்சீட்டு எடுக்கப் போனவர். ஒருவர் மகனுடைய இருதய ஒப்பரேசனுக்காக ஆஸ்பத்திரி விறாந்தையில் பன்னிரண்டு நாள் படுத்தவர். மூன்று பேர் சிறையிலும் முகாம்களிலும் அலுவலகங்களிலும் படத்தைக் காட்டி ஆளைத் தேடி அலைந்தவர்கள். ஒருவர்கூட அந்த நகரத்தைப் பார்ப்பதற்காகப் போகவில்லை.

இது எமக்குப் புதுமையான விடயம் அல்ல. ஆனால் நாங்கள் இருக்கும் ஊரை நினைத்துப் பாருங்கள். பாசிக்குடாவுக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எதையும் தேடி அல்ல, சும்மா பார்க்கத்தான் வருகிறார்கள். கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான் என்பதனால் இந்தக் கடல் பெயர் பெற்றது. 1970களிலேயே இங்கே உல்லாச விடுதிகள் இருந்தன. யுத்தத்தில் அவை பாழடைந்தன. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி கரையோரத்தை அள்ளிச் சென்றது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர், 2011 அளவிலிருந்து வரிசையாகப் புதிய ஹோட்டல்கள் எழும்பின. எமது பெண்களில் சிலர் அங்கே அறைகளைக் கூட்டுகிறார்கள், படுக்கை விரிப்பு மாற்றுகிறார்கள், துவாய் கழுவுகிறார்கள்.

அப்படி அறை துப்புரவு செய்யும் கல்குடாத் தங்கச்சி ஒருவர் அன்று சொன்னார். "மிஸ், வெள்ளைக்காரப் பொம்பிளைகள் சில பேர் தனியா வாறாங்க. வந்த முதல் நாள் ஒண்டும் செய்யமாட்டாங்க. ஒரு பையைக் கொழுவிக்கொண்டு நடப்பாங்க. கோயில் வாசல்ல நிற்பாங்க, மீன் வாடியில நிற்பாங்க, எங்கட பிள்ளைகள் விளையாடுறதைப் பார்த்துக்கொண்டு நிற்பாங்க. பின்னேரம் வந்து 'நல்ல நாள்' எண்டு சொல்லுவாங்க. நானும் யோசிச்சன், ஒண்டும் வாங்காம, ஒருத்தரையும் சந்திக்காம, அது எப்பிடி நல்ல நாள்?"

அவர் இன்னொன்றும் சொன்னார். தென் அமெரிக்காவில் ஆர்ஜென்டினா என்ற நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் தன் நகரத்துப் படங்களைத் தொலைபேசியில் காட்டினாராம். ஒரு பெரிய சதுக்கம். நிலத்தில் வட்டமாக வெள்ளை நிறத்தில் தலைத்துண்டு போலச் சித்திரங்கள். வரவேற்பறைப் பையன் மொழிபெயர்த்துச் சொன்னானாம், காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார் அங்கே நடப்பார்கள் என்று. "அது உண்மையா மிஸ்?" என்று கேட்டார்.

உண்மைதான். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் நான் அதைப் படித்திருக்கிறேன். நகரத்தின் பெயர் புவனோஸ் அயர்ஸ். சதுக்கத்தின் பெயர் பிளாசா டி மாயோ. அந்த நாட்டில் 1976 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை நீடித்த அந்த ஆட்சியில் 30,000 பேர் வரை காணாமல் ஆக்கப்பட்டார்கள் என மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு தாய்மார் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் உள்ள அந்தச் சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நடவுங்கள் என்று பொலிஸார் சொன்னார்கள். சரியென்று அவர்கள் நடந்தார்கள். இருவர் இருவராகக் கைகோர்த்து, சதுக்கத்தின் நடுவில் உள்ள தூணைச் சுற்றி நடந்தார்கள். பின்னர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நடந்தார்கள். தலையில் வெள்ளைத் துண்டு கட்டினார்கள். அது முதலில் குழந்தைக்குக் கட்டும் துணியாக இருந்தது. அவர்களை முன்னின்று சேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோர் என்ற தாயும் அதே வருடம் டிசம்பரில் கடத்தப்பட்டார். 2005 இல் அவருடைய எச்சங்கள் அடையாளம் காணப்பட்டு, அஸ்தி அதே சதுக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இன்று அந்த நகரத்துக்கு முதன்முதலாகப் போகின்ற உல்லாசப் பயணிகள் முதல் நாளிலேயே பார்க்கப் போகும் இடங்களில் அந்தச் சதுக்கமும் ஒன்று.

எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னர் பேத்தாழை அம்மா, அறுபத்து மூன்று வயது, கேட்டார். "அவ்வளவு தூரம் போக எங்களுக்கு ஏலாது. கொழும்புக்கு ஒரு நாள் போனா என்ன? தேடாம, அலையாம, சும்மா பார்க்க?"

இப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

சொல்வது சுலபம். செய்வதற்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. வாரம் 100 ரூபாய் சீட்டுப் போட்டோம். ஒரு வருட முடிவில் ஆளுக்கு 5,200 ரூபாய் சேர்ந்தது. அதற்குள் ஒருவருக்குக் கடன்காரர் வந்து நின்றபோது அவருடைய பங்கை எடுத்துக் கொடுத்தோம். மற்றப் பத்துப் பேரும் மேலதிகமாகப் போட்டு அவருடைய இடத்தை விடாமல் வைத்திருந்தார்கள்.

பணத்தைவிடப் பெரிய தடை பேச்சுத்தான். "வேலைவெட்டி இல்லாம ஊர் சுத்தப் போறாளுகள்" என்றார்கள். கணவனை இழந்த ஒரு சகோதரியிடம் அவருடைய மாமியார், "செத்தவனுக்கு விளக்கு வைக்கிற கையால ரயில் ரிக்கற் எடுக்கப் போறியா?" என்று கேட்டாராம். எமது சமூகத்தில் ஒரு ஆண் ஊர் சுற்றினால் அது அனுபவம். ஒரு பெண் வீட்டை விட்டு வெளிக்கிடுவதற்குக் காரணம் வேண்டும். கோயில், ஆஸ்பத்திரி, கச்சேரி, செத்தவீடு என்று ஏதாவது ஒன்று. யுத்தம் எமக்குப் பல காரணங்களைக் கொடுத்தது. பட்டாளத்திடம் போ, பொலிஸுக்குப் போ, ஆணைக்குழுவுக்குப் போ என்று எங்களைத் தெருவில் விட்டது. அப்போது யாரும் 'ஊர் சுத்துறாள்' என்று சொல்லவில்லை. துன்பத்தோடு போனால் அனுமதி, சந்தோசத்தோடு போனால் குற்றம் என்ற இந்தக் கணக்கைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டியுள்ளது அல்லவா?

2024 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வாழைச்சேனையில் ரயில் ஏறினோம். பதினொரு பெண்களும் நானும். ஆளுக்கொரு துணிப்பை. புட்டும் சம்பலும் வாழையிலையில் கட்டியது. ஓட்டமாவடி ராத்தா ஒரு பெரிய போத்தலில் இஞ்சித் தேநீர் கொண்டுவந்தா.

புனானை கடந்து மன்னம்பிட்டிப் பாலம் வந்தபோது விழித்திருந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். 2007 இல் புதிய தெருப்பாலம் திறக்கும்வரை ரயிலும் பஸ்ஸும் அந்த ஒரே பழைய பாலத்தால்தான் போய்வந்தன. அந்தப் பாதையில் எத்தனை தரம் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏறியிருக்கிறார்கள்! "இந்த இடத்தில நான் நித்திரை கொண்டதே இல்ல" என்று மாங்கேணி அக்கா சொன்னார். சொல்லிவிட்டு, ராத்தாவின் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டார்.

விடியற்காலை கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினோம். முகம் கழுவி, பால் தேநீர் குடித்து, வெளிச்சம் வரும்வரை வாங்கில் இருந்தோம். வெளியில் வந்ததும் ஒரு பிரச்சினை. எல்லோரும் மிக வேகமாக நடக்கத் தொடங்கிவிட்டார்கள்! தலையைக் குனிந்து, பையை நெஞ்சோடு அணைத்து, யாரோ கூப்பிட்டதுபோல. நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. "எங்க போறீங்க? எங்களுக்கு எந்த அலுவலகமும் இல்லை. மெதுவா நடவுங்க" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நகரத்தில் மெதுவாக நடக்க அவர்கள் பழகியிருக்கவில்லை.

புறக்கோட்டையில் கடைகள் திறக்கும் நேரம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல். 1909 இல் கட்டி முடித்தது. ராத்தா அதற்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தபடி, "சீனி முட்டாசு மாதிரி இரிக்கு" என்றா. அங்கிருந்து நடந்தே கொச்சிக்கடைக்குப் போனோம்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குள் போவதற்கு முன் நாங்கள் சிறிது நேரம் வாசலில் நின்றோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் இங்கே குண்டு வெடித்தது. அதே காலையில் எமது மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. அங்கே பலியானவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். அதற்குப் பின்னர் எமது பகுதியில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றாக இருந்து சீட்டுக் கட்டுவதுகூடச் சில மாதம் நின்றுபோனது. அந்த நாட்களில் ராத்தா கூட்டத்துக்கு வரவில்லை. வாருங்கள் என்று எங்களில் யாரும் போய்க் கேட்கவும் இல்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

உள்ளே பேத்தாழை அம்மா, அவர் சைவம், மெழுகுதிரி இரண்டு வாங்கினார். ஒன்றைக் கொளுத்தினார். மற்றதை ராத்தாவிடம் நீட்டினார். ராத்தா கொஞ்சம் தயங்கி, "நான் கொளுத்த மாட்டன், பிடிச்சுக்கொண்டு நிற்கிறன்" என்றா. அம்மா அதற்கும் நெருப்பு வைத்தார். இருவரும் எதுவும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

பின்னர் கோட்டைக்குத் திரும்பி 138 ஆம் இலக்க பஸ்ஸில் தேசிய நூதனசாலைக்குப் போனோம். 1877 இல் திறந்த அந்த வெள்ளை மாளிகையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் பெரியார். வேலை முடிந்ததும் என்ன வேண்டும் என்று கேட்டபோது, தன் பெயருக்கு ஒன்றும் வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடினால் போதும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். இதைச் சொன்னதும் ராத்தாவின் நடையே மாறிவிட்டது. வீட்டுக்காரி போல எங்களை உள்ளே அழைத்துப் போனா!

அங்கே ஒரு கல் இருக்கிறது. அதைக் கட்டாயம் பாருங்கள். 1409 ஆம் ஆண்டு சீனாவில் வெட்டி, செங் ஹே என்ற கடற்படைத் தளபதியின் கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவந்த கல். அதில் மூன்று மொழிகள். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெற்கே தேவேந்திரமுனையில் இருந்த தென்னாவரை நாயனாருக்கும், பாரசீக மொழியில் இஸ்லாத்தின் இறைவனுக்கும் காணிக்கை கொடுத்த விபரம் எழுதப்பட்டுள்ளது. 1911 இல் காலி நகரத்தில் ஒரு வடிகானுக்கு மூடியாகக் கிடந்த நிலையில்தான் இதனைக் கண்டெடுத்தார்கள்.

வடிகான் மூடி என்றதும் எல்லோரும் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பேத்தாழை அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்தைத் தேடினார். "இது தமிழா? எனக்கு ஒரு எழுத்தும் விளங்கல்லயே" என்றார். அறுநூறு வருடத்துக்கு முந்தைய எழுத்து அம்மா, எனக்கும் விளங்காது என்றேன். அவருக்கு அது பெரிய ஆறுதல். "அப்ப நானும் நீயும் ஒரே வகுப்புத்தான்!" என்று சிரித்தார்.

இந்தக் கல்லைப் பற்றிப் புத்தகத்தில் நான் படித்திருக்கிறேன். ஆனால் வயிற்றுப்பாட்டுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அவர்கள் பல தடவை வந்துபோன ஒரு நகரத்தில், தங்கள் மொழி எழுதிய கல் இத்தனை காலம் நின்றிருக்கிறது என்பதனை அவர்கள் அறிந்துகொண்ட அந்த முகங்களை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

எல்லாமே நன்றாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். பஸ் நெரிசலில் ஒருவன் கல்குடாத் தங்கச்சியை உரசிக்கொண்டு நின்றான். அவள் முதலில் விலகினாள். பிறகும் அவன் நெருங்கவே, சத்தமாக "தள்ளி நில்!" என்றாள். தமிழில்தான் சொன்னாள். அவனுக்கு நன்றாக விளங்கியது. அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டான். வாழைச்சேனையிலிருந்து வந்த ஒரு சகோதரிக்கு மத்தியானத்தில் தலைச்சுற்று வந்தது. "எனக்கு இந்தச் சத்தம் ஒத்துவராது, இனி ஒருநாளும் வரமாட்டன்" என்று அவர் சொன்னார். அதுவும் நியாயமான தீர்மானம்தான்.

பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் புறப்பட்டோம். நான் உங்களிடம் சொல்ல வந்த விடயம் அங்கே போகும் வழியில்தான் நடந்தது.

கோட்டைப் பக்கத்தில் ஒரு கட்டிடம். பெயர் வேண்டாம். தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். அதைக் கண்டதும் மாங்கேணி அக்கா நின்றுவிட்டார். அவருடைய கணவர் 2007 இல் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அந்த வருடம் அக்கா லொட்ஜில் தங்கி, படத்தை வைத்துக்கொண்டு இதே தெருவில் வரிசையில் நின்றிருக்கிறார். அவர் ஊருக்குத் திரும்பி இரண்டு நாளில், ஜூன் 7 அன்று, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் அந்தப் பயம் அக்காவை விட்டுப் போகவில்லை.

நடைபாதை ஓரத்தில் அப்படியே குந்திவிட்டார். "மிஸ், இண்டைக்கு விடிஞ்சதிலயிருந்து நான் அவரை ஒருக்காக்கூட நினைக்கல்ல. சிரிச்சன். மெதுவா நடந்தன். கல்லைப் பார்த்தன். அவரைத் தேடாம ஒரு நாள் போட்டுது" என்று சொல்லி அழுதார்.

சகோதரிகளே, ஆற்றுப்படுத்தல் பயிற்சியில் எமக்குப் பல வார்த்தைகள் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த நேரம் எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. பேத்தாழை அம்மாதான் பக்கத்தில் குந்தி, அவருடைய கையைப் பிடித்தார். 1990 இல் மகனைத் தொலைத்தவர் அவர். "அழு மனே. அழுது முடிஞ்சா எழும்பு. அவன் இருந்திருந்தா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருப்பான்தானே? இப்ப நீ பார்த்துக்கொண்டு போய் அவனுக்குச் சொல்லு" என்றார்.

இருவரும் எழும்பினார்கள். கைகோர்த்துக்கொண்டு நடந்தார்கள். அந்தக் கட்டிடத்தைக் கடந்து கொஞ்சத் தூரம்தான். தெரு திரும்ப, வானம் திறந்தது. முன்னால் கடல்.

மாங்கேணி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆறு தரம் வந்த இடம் மிஸ். இதுக்கு அங்கால கடல் இருந்தது எனக்குத் தெரியாது."

கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பெண் அவர். கடலின் வாசமும் காற்றும் தெரியாதவர் அல்ல. அந்த வரிசையில் நின்ற நாட்களில் அவர் கண்ணுக்கு வாசற்கதவைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. யுத்தம் எங்கள் ஆட்களை எடுத்தது, வீட்டை எடுத்தது என்று நாம் கணக்குச் சொல்வோம். பக்கத்தில் இருந்த கடலைப் பார்க்கும் கண்ணையும் அது எடுத்தது. அந்தக் கணக்கை எந்தப் படிவத்திலும் நிரப்புவதற்கு இடம் இல்லை.

காலிமுகத்திடலில் ஒரு பழைய கல்வெட்டு உள்ளது. ஆங்கிலத்தில் எழுதியது. நான் வாசித்துச் சொன்னேன். சேர் ஹென்றி வார்ட் என்ற ஆங்கிலேய ஆளுநர் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த இந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகத் தனக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைப்பதாக அதில் உள்ளது. அவர் நினைத்தது வண்டியில் வரும் துரைசானிமாரைத்தான், மாங்கேணியிலிருந்து வரும் எங்களை அல்ல. ஆனாலும் கல்லில் பெண்கள் என்றுதானே எழுதியிருக்கிறது! "அப்ப இது எங்கட பேர்ல எழுதின காணி" என்று கல்குடாத் தங்கச்சி சொல்ல எல்லோரும் சிரித்துவிட்டார்கள். காணி உறுதிக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்தவர்கள் அல்லவா!

இதே திடலில்தான் 2022 இல் மக்கள் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் போராடினார்கள். அந்த வருடம் மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து இங்கே கஞ்சி கொடுத்தார்கள். சிங்கள இளைஞர்களும் அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்தார்கள். ஒரு கஞ்சியால் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் அது நடந்தது, அதையும் சொல்லி வைக்க வேண்டும்.

புல்லில் வட்டமாக இருந்தோம். இறால் வடை வாங்கினோம். விலையைக் கேட்டதும் பேத்தாழை அம்மா, "இந்தக் காசுக்கு எங்கட வாவியில ஒரு சட்டி இறால் வாங்கலாம்கா" என்று சண்டைக்கே போய்விட்டார். சாப்பிட்டு முடித்து, "எங்கட இறால்தான் ருசி" என்று தீர்ப்பும் சொன்னார். ஒரு பையனிடம் கல்குடாத் தங்கச்சி பட்டம் வாங்கிப் பறக்கவிட்டாள். நூலை எல்லோரும் ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். சூரியன் கடலுக்குள் இறங்குவதை எமது ஆட்கள் பார்ப்பது அபூர்வம். எங்கள் கடலில் அது எழும்பும், இறங்குவது இல்லை. எல்லோரும் பேசாமல் பார்த்தார்கள்.

இரவு ரயிலில் மாங்கேணி அக்கா என் பக்கத்தில் இருந்தார். "அந்த ஊர்த் தாய்மார் இன்னும் நடக்குறாங்களா?" என்று கேட்டார். நடக்கிறார்கள் என்றேன். அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள், இருப்பவர்கள் மிகவும் வயதானவர்கள், ஆனாலும் வியாழக்கிழமை நடை நிற்கவில்லை. அவர்களில் பாட்டிமார் தனியாக ஒரு அமைப்பு அமைத்து, பிறந்த உடனே பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடி, இதுவரை 140 அளவானோரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். எமது நாட்டிலும் 1984 இல் யாழ்ப்பாணத்திலும் அதன்பின் மட்டக்களப்பிலும் அன்னையர் முன்னணி இருந்தது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காகத் தொடர்ந்தது என்றும் சொன்னேன்.

அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார். "தேடுறதை நான் விடமாட்டன் மிஸ். ஆனா அடுத்த முறை படத்தோட கொழும்புக்குப் போனா, வரிசை முடிஞ்சதும் அந்தக் கடலுக்குப் போய் இருந்துட்டுத்தான் வருவன்."

இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் அந்தப் பயணத்தால் நடக்கவில்லை. கடன் அப்படியே இருக்கிறது. மாமியார் இரண்டு கிழமை பேசவில்லை. காணாமல்போனவர்கள் வரவில்லை. ஆனால் ஒரு நாள் சிரித்ததால் நாம் அவர்களை மறந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. இதை யாரும் உங்களுக்குச் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.

உங்கள் சங்கத்திலும் இப்படியொரு நாள் போக விரும்பினால் சில விடயங்களைக் கவனியுங்கள். கடன் எடுத்துப் போக வேண்டாம், சிறுகச் சேர்த்துப் போங்கள். தேசிய அடையாள அட்டையை எல்லோரும் கையில் வைத்திருங்கள். மருந்து எடுப்பவர்கள் அன்றைய மருந்தையும் அடுத்த நாள் மருந்தையும் கொண்டுபோங்கள். மூன்று இடத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள், முதல் நாளில் கால் வலித்தால் மனமும் வலிக்கும். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். வழியில் யாராவது தொந்தரவு செய்தால் சத்தம் போடுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் அழுதால் அவசரப்படுத்தாதீர்கள். ரயில் இரவில்தான்.

தூரம் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பாசிக்குடாவில் அறை துடைக்கும் கல்குடாத் தங்கச்சி இப்போது லீவு நாளில் தன் பிள்ளையோடு அதே கரையில் போய் இருக்கிறாள். "பத்து வருசமா இங்க வேலை செய்யிறன் மிஸ், இப்பதான் பார்க்க வந்திருக்கன்" என்கிறாள்.

நீங்கள் கடைசியாக ஒரு இடத்தை, எந்த அலுவலும் இல்லாமல், பார்ப்பதற்காகவே போனது எப்போது? எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் சங்கத் தலைவியிடம் சொல்லி எழுதுவியுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.